கூடத்தில் வேகம், உள்ளறையில் தடங்கல்: வீட்டு வைஃபையைச் சீர்செய்யும் வழிகள்

மாதத்தின் முதல் வாரம். வீட்டு வாடகையை அனுப்புவதற்காகக் கைபேசியை எடுக்கிறோம். தொகையைக் குறிப்பிட்டு இரகசிய எண்ணையும் பதிவு செய்தாகிவிட்டது. அந்த நொடியில் திரையில் ஒரு வட்டம் சுழலத் தொடங்குகிறது. நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கிறது. பணம் போய்ச் சேர்ந்ததா, இல்லையா? மீண்டும் அனுப்பலாமா, காத்திருக்கலாமா? கூடத்தில் அமர்ந்து அனுப்பியிருந்தால் ஒருவேளை இந்தக் கலக்கமே எழுந்திராது. வீட்டின் கடைக்கோடியில் உள்ள படுக்கையறையிலிருந்து அனுப்பியதுதான் சிக்கலுக்குக் காரணமாக இருந்திருக்கும்.

இன்று வங்கியின் பெரும்பாலான பணிகள் வீட்டிலிருந்தே நடைபெறுகின்றன. வைப்புத்தொகையைப் புதுப்பித்தல், காப்பீட்டுத் தவணை செலுத்துதல், பிள்ளைகளின் கல்விக் கட்டணம் கட்டுதல் எனப் பலவும் கைபேசித் திரையிலேயே முடிந்துவிடுகின்றன. ஓய்வூதியம் பெறும் மூத்த குடிமக்கள் ஜீவன் பிரமாண் திட்டத்தின் கீழ் ஆயுள் சான்றிதழை, முக அடையாளச் சரிபார்ப்பின் மூலம் வீட்டிலிருந்தபடியே அளிக்கும் வசதி 2021 நவம்பரில் அறிமுகமாயிற்று. இவை அனைத்திற்கும் அடிப்படை, அறுபடாத இணைய இணைப்பு.

இணைப்பு தடைப்பட்டவுடன் நம்மில் பலர் செய்வது, கூடுதல் வேகம் தரும் திட்டத்திற்கு மாறுவது. மாதக் கட்டணம் உயர்கிறது. உள்ளறையின் தடங்கலோ அப்படியே நீடிக்கிறது. வங்கிப் பரிவர்த்தனைக்குத் தேவைப்படும் தரவின் அளவு மிகச் சிறியது. நம் நாட்டில் அகண்ட அலைவரிசை இணைப்பு என்பதற்கான குறைந்தபட்ச வேகம் 2023 ஜனவரியில் 512 கேபிபிஎஸ் என்பதிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தப்பட்டது. அந்தக் குறைந்தபட்ச வேகமே ஒரு பணப் பரிமாற்றத்திற்குத் தாராளமாகப் போதும். நமக்குத் தேவைப்படுவது தொடர்ச்சி. எனவே, பணம் செலவழிப்பதற்கு முன் குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டறிவதே முறை.

குறை எங்கே இருக்கிறது?

வீட்டு இணைய இணைப்பை இரு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். நிறுவனத்தின் நிலையத்திலிருந்து நம் வீட்டு ரூட்டர் வரை வரும் கம்பிவழி முதற்பகுதி. ரூட்டரிலிருந்து நம் கைபேசி வரையிலான வான்வழி இரண்டாம் பகுதி. முதற்பகுதியைச் சரிசெய்வது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டாம் பகுதி பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

இரண்டில் எது பழுது என்பதை ஐந்து நிமிடங்களில் அறியலாம். கைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, ரூட்டருக்கு ஐந்தாறு அடி தொலைவில் நின்று வேகச் சோதனை செய்யுங்கள். மூன்று முறை செய்து முடிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தடங்கல் ஏற்படும் அறைக்குச் சென்று அதே சோதனையை மூன்று முறை செய்யுங்கள். ரூட்டருக்கு அருகிலேயே வேகம் மிகக் குறைவாக இருந்தாலோ, இணைப்பு அறுந்தாலோ, குறை வெளியிலிருந்தோ ரூட்டரிலிருந்தோ வருகிறது. அருகில் நன்றாக இருந்து அறையில் மட்டும் சரிந்தால், குறை வான்வழியில் இருக்கிறது. மடிக்கணினி இருந்தால், அதைக் கம்பி மூலம் ரூட்டருடன் நேரடியாக இணைத்துச் சோதிப்பது இன்னும் உறுதியான முடிவைத் தரும்.

ஒளியிழை இணைப்பு உள்ள வீடுகளில் பெட்டியின் முகப்பு விளக்குகளும் செய்தி சொல்லும். 'பான்' எனக் குறிக்கப்பட்ட விளக்கு அசையாமல் எரிந்தால் வெளி இணைப்பு நலமாக உள்ளது என்று பொருள். 'லாஸ்' எனக் குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. சாலைப் பள்ளத்திலோ, மாடிச் சுவரிலோ, நம் வீட்டு மேசைக்குப் பின்னாலோ இழை அறுந்திருக்கலாம் அல்லது மடங்கியிருக்கலாம். ஒளியிழையின் உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி. அதைக் கூர்மையாக வளைத்து ஆணியில் சுற்றினாலும், கதவிடுக்கில் நசுங்க விட்டாலும் ஒளி கசிந்து இணைப்பு தடுமாறும். அந்தச் சிவப்பு விளக்கு எரியும்போது ரூட்டரின் அமைப்புகளை மாற்றுவதால் பயனில்லை. நிறுவனத்திடம் புகார் பதிவு செய்வதே வழி.

சுவர் செய்யும் வேலை

வைஃபை என்பது வானொலி அலையே. திறந்த வெளியில் தடையின்றிப் பரவும் அந்த அலை, எதிர்ப்படும் ஒவ்வொரு பொருளிலும் தன் ஆற்றலின் ஒரு பங்கை இழக்கிறது. மரக் கதவும் மெல்லிய பலகைத் தடுப்பும் சிறிதளவே தடுக்கின்றன. ஒன்பது அங்குலச் செங்கற் சுவர் கணிசமாகத் தடுக்கிறது. இரும்புக் கம்பிகள் பின்னிய கான்கிரீட் தளம் அதனினும் வலிய தடை. உலோகம் அலையை ஊடுருவ விடாமல் திருப்பி அனுப்பிவிடும். நீர் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

இந்தப் பட்டியலோடு நம் வீடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். செங்கற் சுவரும் கான்கிரீட் கூரையும் நம் நாட்டு நகர்ப்புற வீடுகளின் பொது இயல்பு. அவற்றுடன் எஃகு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி, மீன் தொட்டி எனத் தடைகள் பல உள்ளன. கண்ணாடியின் பின்புறப் பூச்சு உலோகத்தால் ஆனது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பலகைச் சுவர்கள் மிகுந்த நாடுகளின் வீடுகளை மனத்திற்கொண்டு, இத்தனை சதுர அடிக்கு ஒரு ரூட்டர் போதும் என்று விளம்பரம் சொல்லும் கணக்கு, நம் வீட்டில் பொய்த்துப்போவதற்கு இதுவே காரணம்.

அலையின் வலிமையை எண்ணாலும் அறியலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வைஃபை வலிமையைக் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. அவை காட்டும் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். −50 என்றால் மிக நன்று. −67 வரை காணொளி உரையாடலுக்கும் ஏற்றது. −75-ஐத் தாண்டினால் தடங்கல் தொடங்கும். −80-க்கு அப்பால் இணைப்பு நிலைப்பது அரிது. இந்த அளவையில் ஒவ்வொரு 3 எண் குறையும்போதும் ஆற்றல் பாதியாகிறது. எனவே −67-க்கும் −76-க்கும் இடையே சிறிய வேறுபாடுதான் என்று எண்ணிவிடக் கூடாது. ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்பதே அதன் பொருள். அறை அறையாகச் சென்று இந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் நம் வீட்டின் வரைபடம் கிடைத்துவிடும்.

ரூட்டருக்கு உரிய இடம்

இணைப்பு தர வரும் பணியாளர், கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பெட்டியைப் பொருத்திவிட்டுச் செல்வது வழக்கம். அது பெரும்பாலும் வாசற்கதவின் ஓரமாகவோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ அமைகிறது. ரூட்டரின் அலை எல்லாத் திசைகளிலும் பரவக்கூடியது. ஒரு மூலையில் அதை வைத்தால் அலையின் பாதி தெருவுக்கும் அண்டை வீட்டுக்கும் போய்ச் சேரும். நம் உள்ளறைக்கு எஞ்சியதே வரும்.

வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து ஐந்து அல்லது ஆறு அடி உயரத்தில், திறந்த அலமாரியிலோ சுவரிலோ ரூட்டரை அமைப்பது சிறப்பு. பீரோவின் மேல், தொலைக்காட்சியின் பின், மூடிய மர அலமாரியின் உள், சமையலறை மேடை ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். புறத்தே கொம்புகள் உள்ள ரூட்டரானால், கொம்பு செங்குத்தாக நிற்கும்போது அலை அதே தளத்தில் பக்கவாட்டில் பரவும். மாடியறைக்கும் எட்ட வேண்டுமெனில் ஒரு கொம்பைக் கிடைமட்டமாகச் சாய்த்துப் பார்க்கலாம்.

ரூட்டரை இடம் மாற்றக் கூடுதல் இழை தேவைப்பட்டால், நிறுவனத்தின் பணியாளரைக் கொண்டே செய்வது நல்லது. ஒளியிழையை நாமே வெட்டி ஒட்ட இயலாது. இந்த ஒரு மாற்றத்திலேயே பல வீடுகளின் குறை நீங்கிவிடும்.

இரு அலைவரிசைகள்

இன்றைய ரூட்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முதலாவதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், இரண்டாவதன் அலைநீளம் அதில் பாதிக்கும் குறைவு. நீண்ட அலை சுவர்களைத் தாண்டி நெடுந்தொலைவு செல்லும், வேகம் குறைவு. குறுகிய அலை மிகுந்த வேகம் தரும். ஓரிரு சுவர்களிலேயே தளர்ந்துவிடும். ஆகவே ரூட்டர் உள்ள கூடத்தில் 5 கிகாஹெர்ட்ஸையும், தொலைவில் உள்ள அறைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துவது பொருத்தம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் கைபேசி தானே தேர்ந்துகொள்ளும். அத்தேர்வு எப்போதும் சரியாக அமைவதில்லை. தடங்கல் நீடித்தால் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் சூட்டிப் பார்க்கலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் மிகுதி. புளூடூத் கருவிகளும் அதே வரிசையில்தான் பேசுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில் இயங்குகிறது. சமையலறையில் உணவு சூடாகும்போது மட்டும் பக்கத்து அறையில் இணைப்பு அறுந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருபது வீடுகளின் ரூட்டர்கள் இதே வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. இவ்வரிசையின் தடங்களுள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. முன்னர்க் கூறிய செயலியில் அண்டை வீடுகள் எந்தத் தடத்தில் உள்ளன என்பதைக் கண்டு, இம்மூன்றில் கூட்டம் குறைந்ததை நாம் தேர்ந்துகொள்ளலாம்.

அடிக்கடி அறுபடுவது ஏன்?

அலையின் வலிமை நன்றாக இருந்தும் இணைப்பு அவ்வப்போது அறுந்தால், முதலில் மின்சாரத்தைக் கவனியுங்கள். மின்தடையின்போது இன்வெர்ட்டர் பொறுப்பேற்கும் கணப்பொழுது இடைவெளியில் ரூட்டர் அணைந்து மீண்டும் எழக்கூடும். அது முழுமையாக இணைய ஓரிரு நிமிடங்கள் ஆகும். ரூட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய மின்கலப் பெட்டியைப் பொருத்தினால் இந்த இடைவெளி மறையும். அதன் மின்னழுத்தமும் ரூட்டரின் அடாப்டரில் அச்சிடப்பட்ட மின்னழுத்தமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பழைய அடாப்டர் வலுவிழந்தாலும் ரூட்டர் தானே அணைந்து எழும்.

அடுத்தது வெப்பம். கோடையில், காற்றோட்டமற்ற அலமாரிக்குள் ஆண்டுக்கணக்கில் இயங்கும் பெட்டி சூடேறித் தடுமாறும். அதைத் திறந்த இடத்தில் வைத்து, தூசியைத் துடைத்து, எப்போதாவது ஒரு நிமிடம் அணைத்து எழுப்புவது நன்று.

மூன்றாவது, கைபேசியின் பிடிவாதம். கூடத்தில் இணைந்த கைபேசி, நாம் உள்ளறைக்குப் போன பின்பும் தேய்ந்துபோன அதே இணைப்பைப் பற்றிக்கொண்டிருக்கும். திரையில் வைஃபை குறி தெரியும்; தரவு நகராது. மொபைல் டேட்டா நலமாக இருந்தும் கைபேசி அதற்கு உடனே மாறாது. அரைகுறை வைஃபை, வைஃபையே இல்லாத நிலையைவிடத் தொல்லை மிகுந்தது என்பதற்கு இதுவே காரணம். ஒரே ஒரு கருவியில் மட்டும் தடங்கல் இருந்தால், அக்கருவியில் அந்த வைஃபையை 'மறக்க' வைத்து, கடவுச்சொல்லை இட்டு மீண்டும் இணைத்துப் பாருங்கள்.

புதிதாக வாங்குவதற்கு முன்

இடம் மாற்றியும் தடம் மாற்றியும் கடைசி அறைக்கு அலை எட்டவில்லையெனில் கூடுதல் கருவி தேவைப்படும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ரிப்பீட்டர். விலை குறைவு. ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் எளிய கருவியில் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அலை இல்லாத அறையிலேயே அதை வைத்துவிட்டுப் பயனில்லை என்று குறைகூறுவோர் உண்டு. அலை ஓரளவு நன்றாக உள்ள நடுவழியில் வைத்தால்தான் அது பெற்றதைப் பெருக்கித் தரும்.

இரண்டாவது, மெஷ் எனப்படும் கூட்டமைப்பு. இரண்டு அல்லது மூன்று பெட்டிகள் ஒரே பெயரில் இயங்கி, நாம் நடக்க நடக்கக் கைபேசியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒப்படைக்கும். விலை கூடுதல். பெரிய வீடுகளுக்கும் மாடி வீடுகளுக்கும் ஏற்றது.

மூன்றாவது, கம்பி. கேட்-6 வகைக் கம்பியைக் கடைசி அறைவரை இழுத்து, அங்கே மற்றொரு ரூட்டரை 'அக்சஸ் பாயின்ட்' முறையில் இணைப்பது. பழைய ரூட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். கம்பியைச் சுவர் தடுப்பதில்லை. 100 மீட்டர் வரை அது தளராமல் செல்லும். புதிதாக வீடு கட்டுவோரும் வீட்டுக் கடனில் புதுப்பிப்போரும், மின்கம்பி பதிக்கும்போதே ஒவ்வோர் அறைக்கும் இதற்கென ஒரு தனிக் குழாய் விட்டுவைத்தால் பின்னாளில் சுவரை உடைக்கும் செலவு மிஞ்சும்.

பரிவர்த்தனையின் நடுவே இணைப்பு அறுந்தால்

எவ்வளவு சீர்செய்தாலும் என்றேனும் இணைப்பு நடுவழியில் அறுபடக்கூடும். அப்போது செய்ய வேண்டியவற்றை முன்கூட்டியே அறிந்திருத்தல் பதற்றத்தைத் தவிர்க்கும்.

இரகசிய எண்ணைப் பதிவு செய்தபின் திரை உறைந்தால், அந்த ஆணை ஏற்கெனவே வங்கியைச் சென்றடைந்திருக்கலாம். விடை மட்டுமே நமக்கு வந்து சேராமல் போயிருக்கும். ஆகவே உடனே இரண்டாம் முறை அனுப்பக் கூடாது. நல்ல இணைப்புள்ள இடத்திற்குச் சென்று, அல்லது வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவுக்கு மாறி, செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள். நிலுவையில் உள்ளது என்று காட்டினால் காத்திருங்கள். கணக்கில் பற்று வைக்கப்பட்டதா என்பதை வங்கியின் குறுஞ்செய்தியிலும் கணக்கு அறிக்கையிலும் சரிபாருங்கள். பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள்.

பணம் நம் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு, பெறுநரைச் சேராமல் போனால் அஞ்ச வேண்டியதில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதற்குக் காலவரம்பு வகுத்துள்ளது. யுபிஐ வழியே ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய தொகை, பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்திய தொகைக்கு ஐந்து நாட்கள் வரம்பு. அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு, வாடிக்கையாளரின் புகாருக்குக் காத்திராமல் வழங்கப்பட வேண்டும் என்பது விதி. உரிய நாளுக்குள் தொகை திரும்பாவிடில் செயலியிலோ வங்கிக் கிளையிலோ குறிப்பு எண்ணுடன் புகார் பதிவு செய்யுங்கள். முப்பது நாட்களில் தீர்வு கிட்டாவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

பெரிய தொகை அனுப்பும்போது ஒரு சிறு பழக்கம் நன்மை தரும். அரைகுறை வைஃபை உள்ள இடத்தில் தொடங்காமல், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவிலேயே தொடங்கி அதிலேயே முடியுங்கள். நடுவே இணைப்பு மாறினால் சில இணைய வங்கிச் சேவைகள் பாதுகாப்புக் கருதி நம்மை வெளியேற்றிவிடும். இணையமே இல்லாத வேளையில், யுபிஐ பதிவு செய்த கைபேசி எண்ணிலிருந்து *99# என்று அழைத்துச் சிறு தொகைகளை அனுப்பும் வசதியும் உண்டு.

உதவி நாடும்போது எச்சரிக்கை

பணம் நடுவழியில் நிற்கும் அந்தப் பதற்றமான வேளையையே மோசடிக்காரர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். இணையத்தில் 'வாடிக்கையாளர் சேவை எண்' என்று தேடினால் போலி எண்களும் முன்னால் வந்து நிற்கும். வங்கியின் எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்தோ, கணக்குப் புத்தகத்திலிருந்தோ, வங்கியின் செயலியிலிருந்தோ மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பைச் சரிசெய்து தருவதாகக் கூறித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். தொகையைத் திரும்பப் பெற இரகசிய எண்ணை இட வேண்டும் என்று சொன்னால் அது பொய். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால் தாமதமின்றி வங்கிக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

நம் வைஃபை தளர்ந்திருக்கிறது என்பதற்காகக் கடவுச்சொல் இல்லாத வேறொருவரின் இணைப்பில் வங்கிப் பணி செய்வதும் தகாது. நம் ரூட்டருக்கும் வலுவான கடவுச்சொல் இட்டு, பெட்டியின் அடியில் அச்சிட்டு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். அழையா விருந்தாளிகள் நம் இணைப்பைப் பயன்படுத்துவதும் வேகக் குறைவுக்கு ஒரு காரணமே.

வரும் விடுமுறை நாளில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ரூட்டரின் அருகில் ஒருமுறை, ஒவ்வோர் அறையிலும் ஒருமுறை எனச் சோதித்து ஒரு தாளில் எழுதுங்கள். விளக்குகளையும் கம்பியின் வளைவுகளையும் பாருங்கள். பெட்டியை மூலையிலிருந்து எடுத்து நடுவே உயரத்தில் வைத்து மீண்டும் சோதியுங்கள். இதன்பிறகும் குறை நீங்காவிடில், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனத்தை அழையுங்கள். எந்த அறையில், எந்த நேரத்தில், எவ்வளவு என்று சொல்லும் வாடிக்கையாளரின் புகாரைத் தட்டிக்கழிப்பது எளிதன்று. வீட்டில் முதியோர் இருந்தால் இந்தச் சோதனையை முதலில் அவர்களுடைய அறையில் செய்யுங்கள். இணைப்பு அறுந்தால் எழுந்து கூடத்திற்கு நடந்து செல்வது நமக்கு எளிது, அவர்களுக்கு அப்படியன்று.